வா என்றால் போ

இத்தாலிய மொழியில் 'வா' என்றால் போ என்று அர்த்தம். பலெர்மோவில் பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்று அம்மா "வா, வா, கெதியா வா" என்று கூப்பிடுவா. பக்கத்தில் நிற்கிற சிநேகிதன், "உன்ர அம்மா ஏன் உன்னைத் துரத்துகிறா?" என்று கேட்பான். லண்டனில், ரொரன்ரோவில், சூரிச்சில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக இதை முதலே சொல்லிவிடுகிறேன். இது எங்கள் ஒபீஸ் பூனைக்குப் பெயர் வைத்த கதை. அந்த ஓரெழுத்து விளங்காவிட்டால் கதையும் விளங்காது.

எங்கள் ஒபீஸ் வியா மக்வேதாவில், குவாத்ரோ காந்திச் சந்திக்கும் தியாத்ரோ மாசிமோவுக்கும் நடுவில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. சிசிலி ஸ்பானிய அரசரின் கீழ் இருந்த காலத்தில், மக்வேதா கோமகன் வைஸ்ராயாக இருந்தபோது, 1600இல் வெட்டிய தெரு இது. அந்த நாளில் இதைப் 'புதுத் தெரு' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் புதுத் தெருவில் இப்போது வாகனம் ஓடாது. பங்களாதேஷ்காரரின் கடைகளும், சுற்றுலாப் பயணிகளும், பொரிக்கிற எண்ணெய் வாசமும்தான். கொஞ்சம் உள்ளே போனால் சில சந்துகளில் பெயர்ப்பலகை இத்தாலிய, ஹீப்ரு, அரபு என்று மூன்று மொழிகளில் இருக்கும். தமிழில் இல்லை. ஆனால் பல்லாறோச் சந்தைப் பக்கம் போனால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கலாம்.

நாங்கள் ஏழு பேர். மற்றக் கம்பனிகளுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கிறதும், உடைந்தால் திருத்துகிறதும் வேலை. என்னைத் தவிர, கத்தானியாவில் இருந்து வந்த ஒரு வடிவமைப்பாளர், பலெர்மோவை விட்டு ஒரு கிழமைக்கு மேல் வெளியே போகாத ஒரு தரவுத்தளக்காரர், கணக்குப் பார்க்கிற ஒரு சின்யோரா, இதே தெருவில் தகப்பன் கடை வைத்திருக்கும் ஒரு வங்காளப் பெடியன், புரோகிராமர்கள் இருவரில் ஒருவரான எங்கள் பொறுப்பாளர், மற்றப் புரோகிராமர். எட்டாவதாக ஒருவர் தினமும் விடிய ஐந்தரைக்கு வந்து ஏழரைக்குப் போய்விடுவா. அவவை அன்ரி என்றுதான் நான் கூப்பிடுவேன். ஊர் நல்லூர்ப் பக்கம். துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு கம்பனி மூலம் வருகிறவ. மற்ற ஆறு பேரில் நாலு பேர் அவவை ஒரு நாளும் கண்டதில்லை. தரை துடைத்திருக்கும், குப்பைக் கூடை காலியாக இருக்கும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். என்னுடைய அம்மாவும் இருபத்தைந்து வருடம் இப்படித்தான் பிறர் எழும்பமுன் வீடு துடைத்தவ. அதனால் இரவு வேலை முடித்து அங்கேயே விடிந்துபோன நாட்களில் நான் அன்ரிக்கு ஒரு கோப்பி போட்டுக் கொடுப்பேன், கதைப்போம்.

டிசம்பர் 13, காலை ஒன்பது மணி. எங்கள் நெற்வேர்க் சுவிட்சில் 14ஆவது போர்ட் விழுந்து விழுந்து எழும்பியது. கேபிளை யாரோ இழுக்கிறமாதிரி. நான் போய் அலுமாரியைத் திறந்தேன். சுவிட்சுக்கு மேலே, சூடான இடத்தில், தோடம்பழக் கலரில் ஒரு கைப்பிடி அளவு பூனைக்குட்டி படுத்துக் கிடந்தது. வாயில் 14ஆவது கேபிள். கீழ்த்தட்டில் ஒரு மட்டைப் பெட்டி, அதற்குள் மடித்துப் போட்ட பழைய துவாய், ஒரு சின்னச் சட்டியில் மிச்சச் சோறும் பிசைந்த மீனும். அந்தச் சோற்றைக் கண்டவுடனே யாருடைய வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்குப் பின்னேரம் போன் எடுத்தேன். அன்ரி முதலில் சொன்னது, "தம்பி, கம்பனிக்குச் சொல்லிப் போடாதேங்கோ." முற்றத்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் மூன்று நாளாகக் கத்திக்கொண்டு கிடந்ததாம். தாய் வரும் என்று முதல் இரண்டு நாளும் எட்டி நின்று பார்த்திருக்கிறா. மூன்றாம் நாள் மழை. தாய் வரவில்லை. மேலே கொண்டுவந்து, எங்கே சூடாக இருக்கிறது என்று கையை வைத்துப் பார்த்து, அந்த அலுமாரியைக் கண்டுபிடித்திருக்கிறா. இரண்டு நாள் அங்கேயே ஒளித்து வைத்திருந்தா.

"பால் குடுத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு விசரே? பசுப்பால் குடுத்தா வயித்தால போகும். பல்லு வந்திட்டுது, மீன் சாப்பிடும்."

பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவனும், அவனோடு இருக்கிற ஆறு பேரும், அதற்குள் ஒரு கிண்ணம் பால் வாங்கி வைத்து, இணையத்தில் வாசித்துவிட்டுத் திரும்ப எடுத்திருந்தோம். அன்ரி சொன்னதுதான் சரி. பெரும்பாலான பூனைகளுக்கு மாட்டுப்பாலில் உள்ள லாக்டோஸ் செமிக்காது. மூன்று நாலு கிழமையில் பால்பல் வரத் தொடங்கும். பல் நன்றாக வந்துவிட்டால் மெல்லிய உணவு கொடுக்கலாம். தனியாகக் கத்துகிற குட்டியைக் கண்டவுடன் தூக்கக்கூடாது, தாய் இரை தேடப் போயிருக்கும், கொஞ்ச நேரம் எட்டி நின்று பார்க்க வேண்டும். இதையும் அவ செய்திருக்கிறா. நீங்கள் எங்கேயாவது ஒரு குட்டியைக் கண்டால் இதையே செய்யுங்கோ. ஆனால் குளிரும் மழையுமென்றால் இரண்டு நாள் காத்திருக்காதேங்கோ, சில மணித்தியாலம் போதும்.

இத்தாலியில் தெருப் பூனைக்கு ஒரு சட்டம் இருக்கிறது தெரியுமா? 1991 ஆகஸ்ட் 14இல் வந்த 281ஆம் இலக்கச் சட்டம். சுதந்திரமாகத் திரிகிற பூனைகளைத் துன்புறுத்தக்கூடாது, பொதுச் சுகாதாரத் துறை அவற்றுக்குக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்று சொல்லுகிறது. தெருவில் நின்று சாப்பாடு போடுகிற பெண்களுக்கு 'கத்தாரா' என்றொரு பெயரே உண்டு. பூனைக்கு வந்த சட்டத்துக்கு அடுத்த வருடம், 1992இல், மனிதருக்கான 91ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தவர்களும் பதினெட்டு வயதுவரை இடைவிடாமல் இங்கேயே வசித்திருக்க வேண்டும். பிறகு பத்தொன்பது ஆகமுன் போய், தாங்கள் இத்தாலியர் ஆக விரும்புவதாகச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பூனை கொஞ்சம் முந்திவிட்டது என்று நான் பகிடிக்குச் சொல்லுவேன். வங்காளப் பெடியன் மட்டும்தான் சிரிப்பான்.

இனிப் பெயருக்கு வருவோம்.

டிசம்பர் 13 சாந்தா லூச்சியா திருநாள். 1646இல் பஞ்சம் வந்தபோது அன்றைக்குத்தான் கோதுமைக் கப்பல் வந்தது என்று பலெர்மோவில் ஒரு கதை உண்டு. அதன் நினைவாக அன்று பாணும் பாஸ்தாவும் சாப்பிடமாட்டார்கள். சோற்றை உருட்டி, உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்த உருண்டையைச் சாப்பிடுவார்கள். தோடம்பழம் மாதிரி இருப்பதால் அதற்கு 'அரஞ்சீனா' என்று பெயர். அன்று மத்தியானம் மேசையில் இரண்டு தட்டு அரஞ்சீனா, நடுவிலே அதே நிறத்தில் ஒரு பூனைக்குட்டி. வேறு பெயர் தேவையா?

தேவைப்பட்டது. ஏனென்றால் பலெர்மோவில் அது அரஞ்சீனா, பெண்பால். தீவின் கிழக்குப் பக்கம், கத்தானியாவில், அரஞ்சீனோ, ஆண்பால். இது பகிடி இல்லை, இதற்காகச் சண்டை பிடிக்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். கடைசியில் இத்தாலிய மொழிக்குத் தீர்ப்புச் சொல்லுகிற புளோரன்ஸ் அக்காதேமியா தெல்லா குருஸ்கா 2016இல் இரண்டும் சரி, மேற்கில் பெண்பால், கிழக்கில் ஆண்பால் என்று எழுதியது. அதனால் ஒருவரும் சமாதானம் ஆகவில்லை. எங்கள் கத்தானியாக்காரி எழும்பி, "பூனைக்குப் பெயர் அரஞ்சீனோ" என்றாள். தரவுத்தளக்காரர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். அவர் சாப்பாட்டைக் கீழே வைத்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

கத்தானியாக்காரி விஞ்ஞானத்தைக் கூப்பிட்டாள். செம்மஞ்சள் பூனைகளில் சுமார் ஐந்தில் நாலு கடுவன். அது உண்மை. அந்த நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் இருந்தால் போதும், முழுதாகச் செம்மஞ்சளாகிவிடும். பெட்டைக்கு இரண்டு எக்ஸிலும் இருக்கவேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த புள்ளியாக வரும். இது நூறு வருடமாகத் தெரிந்த சங்கதி. ஆனால் எந்த மரபணு என்று 2025 மே மாதம்தான் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஒரு சின்னத் துண்டு டிஎன்ஏ இல்லாமல் போனதால் வருகிற நிறம் அது.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, விரும்பிய பெயரை எழுதச் சொன்னோம். கணக்குச் சின்யோரா 'ரோசாலியா' என்று எழுதினா. நகரத்தின் காவல் தெய்வம். 1624 கொள்ளைநோயில் பலெர்மோவைக் காப்பாற்றியவ என்று நம்புகிறார்கள். ஞாயிறுகளில் மொந்தே பெல்லக்ரீனோ மலை ஏறி அவவிடம் போகிற தமிழ்ச் சனத்தில் சைவக்காரரும் நிறையப் பேர். என் அம்மாவும் ஒருத்தி. அவவிடம் சொன்னேன். "சாமிப் பேரைக் கொண்டுபோய்ப் பூனைக்கோ? நாளைக்கு அது எலி பிடிக்கேக்க என்னெண்டு கூப்பிடுவியள்?" அம்மாவின் சிபாரிசு, சிவலை. ஊரில் செந்நிற மாட்டுக்கும் நாய்க்கும் அப்படித்தான் சொல்லுவார்கள். வங்காளப் பெடியன் 'ஹுரைரா' என்று எழுதினான். நபிகளாரின் தோழர் ஒருவரை அபூ ஹுரைரா, பூனைக்குட்டியின் தந்தை, என்றே உலகம் அழைக்கிறது. ஆளுக்குப் பூனையால் பெயர் வந்திருக்கிறது, பூனைக்கு ஏன் திரும்பக் கொடுக்கக்கூடாது என்று கேட்டான். எனக்கு அந்த வாதம் சரியாகப் பிடித்திருந்தது.

வேலைத்தலப் பூனைக்குப் பெயர் வைக்கப் போட்டி வைத்தவர்கள் நாங்கள்தான் முதல் ஆட்கள் இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற சின்ன ஊரின் நூலகத்தில், 1988 ஜனவரி 18 காலை, புத்தகம் திருப்பிப் போடுகிற பெட்டிக்குள் ஒரு செம்மஞ்சள் குட்டி கிடந்தது. பாதங்கள் குளிரில் விறைத்திருந்தன. எடுத்தவர் விக்கி மைரன் என்ற நூலகர். நூலகர்கள் எல்லோரும் சேர்ந்து வளர்த்தார்கள். புத்தக இலக்க முறையை அமைத்த டூயியின் பெயரால் முதலில் அழைத்தார்கள், பிறகு வாசகர்களிடம் பெயர்ப்போட்டி வைத்து 'டூயி ரீட்மோர் புக்ஸ்' என்று முழுப்பெயர் சூட்டினார்கள். பத்தொன்பது வருடம் அந்த நூலகத்தில் இருந்து 2006 நவம்பரில் இறந்தது. மற்றப் பக்கம், 1914இல் ஷக்கிள்ரனின் எண்டூரன்ஸ் கப்பலில் தச்சரோடு அந்தாட்டிக்காவுக்குப் போன 'மிசிஸ் சிப்பி' இருக்கிறது. கப்பல் புறப்பட்டு ஒரு மாதம் கழித்துத்தான் அது கடுவன் என்று கண்டார்கள். பெயரை மாற்றவில்லை, கடைசிவரை மிசிஸ்தான். (அதன் முடிவு சோகமானது. சின்ன ஆட்கள் தேடி வாசிக்காமல் விட்டாலும் பரவாயில்லை.)

ஆக எங்கள் தாளில் ஆறு பெயர் வந்து நின்றது. நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தத் தாளை ஒட்டிய நாளில் இருந்து எனக்கு ஒரு விஷயம் குத்திக்கொண்டே இருந்தது. காலையில் குளிர்சாதனப் பெட்டிக் கதவைத் துடைக்கிறவ அன்ரி. ஒவ்வொரு நாளும் அந்தத் தாளைச் சுற்றி வடிவாகத் துடைத்திருந்தா. பக்கத்தில் பேனை நூலில் தொங்கியது. ஒரு நாள் விடிய இருந்து கேட்டேன்.

"அன்ரி, நீங்கள் பேர் எழுதேல்லையோ?"

"உதில என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன்.

"அது ஒபீஸ் ஆக்களுக்கெல்லோ தம்பி. நான் உங்கட ஆள் இல்லையே, கம்பனி ஆள்."

அன்று பத்து மணிக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். குட்டியை எடுத்தது யார், மூன்று நாள் பார்த்து நின்றது யார், மீன் பிசைந்தது யார், இப்போதும் காலையில் மண் மாற்றுகிறது யார். எவரும் எதிர்க்கவில்லை. எதிர்க்க வேண்டிய தேவையே இல்லை, ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் எதிர்ப்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கிழமையே இன்னொன்று நடந்தது. ஒரு வாடிக்கையாளரின் வேலை காரணமாகக் கத்தானியாக்காரியும் தரவுத்தளக்காரரும் விடிய ஐந்து மணிக்கு வந்தார்கள். பத்து மணிக்கு அவள் என் மேசைக்கு ஓடி வந்தாள். "கேள், நாங்கள் அரஞ்சீனோ என்கிறோம், அரஞ்சீனா என்கிறோம், அது காதைக்கூட அசைப்பதில்லை. அந்தச் சின்யோரா வாசலில் நின்று போ, போ என்று துரத்துகிறா. அது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறது! இது என்ன பூனை?"

"கத்தானியாப் பூனை" என்றார் தரவுத்தளக்காரர்.

நான் விளக்கினேன். எங்கள் மொழியில் வா என்றால் வா. கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் இருந்தார்கள். பிறகு அவள் பரிசோதனை செய்தாள், ஒரு பொறியியலாளருக்கு உரிய முறையில். அறையின் அந்தப் பக்கம் போய் நின்று "வா வா" என்றாள். பூனை வந்தது. தரவுத்தளக்காரர் சொல்ல, வந்தது. கணக்குச் சின்யோரா சொல்ல, வந்தது. சிசிலி மொழியில் 'வாவா' என்றால் வாயில் வழிகிற வீணீர் என்று தரவுத்தளக்காரர் சொன்னார். அதே நேரம் பூனை அவருடைய கீபோர்ட்டில் தூங்கி, வீணீர் வடித்துக்கொண்டிருந்தது. தாளில் இருந்த ஆறு பெயரையும் அவரே வெட்டினார்.

அன்ரிக்குச் சொன்னபோது அவ சிரிக்கவில்லை, யோசித்தா. "அது பேரில்லையே தம்பி. அது கூப்பிடுறது."

"வேறே பேர் வைப்பமோ? நீங்கள் சொல்லுங்கோ."

"வேண்டாம், அது கேட்டுப் பழகிட்டுது."

மிருக வைத்தியர் குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டை என்றார். ஐந்தில் ஒன்று. தரவுத்தளக்காரர் ஒரு கிழமை முழுவதும் வெற்றி வீரராகத் திரிந்தார், பெயர் அரஞ்சீனா இல்லை என்பதை மறந்து. கண்ணுக்கு மருந்து, பூச்சி மருந்து, தடுப்பூசி, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை என்று அட்டவணை தந்தார். பிறகு சிப். அரிசிமணி அளவான கண்ணாடிக் குழாய், கழுத்தில் தோலுக்குக் கீழே ஊசியால் போடுவது. அதற்குள் பட்டரி இல்லை. வாசிக்கிற கருவி கிட்ட வந்தால் அதன் அலையில் இருந்தே சக்தி எடுத்து 15 இலக்கம் சொல்லும். இத்தாலிக்கு முதல் மூன்று 380. பெயர் அதற்குள் இல்லை. பெயரும் வீடும் எல்லாம் பதிவேட்டில்.

பதிவேட்டுக்கு ஒரு ஆள் வேண்டும். "ஒரே ஒரு கொதிச்சே பிஸ்காலே" என்றார் வைத்தியர். ஏழு பேர், எட்டுப் பேர் என்றெல்லாம் எழுத இடமில்லை. பொறுப்பாளருக்கு வீட்டில் நாய். கணக்குச் சின்யோராவுக்கு அலர்ஜி. கத்தானியாக்காரி அடுத்த வருடம் இங்கே இருப்பாளா தெரியாது. அன்ரியைக் கேட்டேன், வீட்டுக்காரர் மிருகம் வைத்திருக்க விடமாட்டார் என்றா. நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த 16 எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இத்தாலிக்கு வெளியே உள்ளவர்களுக்குத் தெரியாது. முதல் மூன்று குடும்பப்பெயரில் இருந்து, அடுத்த மூன்று சொந்தப்பெயரில் இருந்து, பிறகு பிறந்த வருடம், மாதம், நாள், பிறந்த இடம், கடைசியில் சரிபார்க்கும் எழுத்து. எங்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். அதனால் வங்கியில், ஆஸ்பத்திரியில் எல்லாம் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள், நான் அவருக்காகத் திரும்பிப் பார்ப்பேன். அப்பாவின் எண்ணில் பிறந்த இடம் இசட் 209, இலங்கை. என்னுடையதில் ஜி 273, பலெர்மோ. என் சொந்தப் பெயரின் ஐந்து அசையை ஒபீஸில் இரண்டாக்கி, முடிவில் ஒரு 'ஓ' போட்டிருக்கிறார்கள். நான் அதற்குத் திரும்பிப் பார்க்கிறேன். கோபமில்லை. ஆனால் பூனையின் பெயரை அவர்கள் கவனமாக, இரண்டு ஆவையும் நீட்டி, சரியாகச் சொல்லப் பழகியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது என்று எழுதாமல் விட்டால் பொய்.

மார்ச் மாதம் கம்பனி அன்ரியை நகரத்துக்கு வெளியே இன்னொரு கட்டடத்துக்கு மாற்றியது. முதல் நாள் பின்னேரம் சொல்லி, அடுத்த நாள் மாற்றம். திறப்பை ஒரு கடித உறைக்குள் வைத்து என் மேசையில் விட்டிருந்தா. எங்களுடைய அலாரத்தில் அசைவு பார்க்கிற சென்சர் உண்டு. இரவில் பூனை திரிகிறதால் அலறாமல், பதிவு மட்டும் வைக்கிற மாதிரி நான் அமைத்திருந்தேன். அடுத்த நாள் பதிவைப் பார்த்தேன். வாசல், 5:22. வாசல், 5:26. வாசல், 5:40. அதன் பிறகு எட்டரை வரை ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் அதே. புதிதாக வந்தவர் ஏழு மணிக்குத்தான் வருவார்.

பதிவை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். ஏழு பேரும் கையெழுத்திட்டுக் கம்பனிக்குக் கடிதம் எழுதினோம், அவவைத் திரும்ப அனுப்பச் சொல்லி. வேலை அட்டவணையை வாடிக்கையாளர் தீர்மானிக்க முடியாது என்று பணிவான பதில் வந்தது. திரும்பவும் எழுதினோம். அதற்குப் பதில் வரவில்லை. அவவுக்குப் பிரச்சினை வரும் என்று அன்ரியே நிறுத்தச் சொன்னா. நிறுத்தினோம்.

ஞாயிறு மலையால் இறங்கி வரும்போது அன்ரி சில நாள் ஒபீஸுக்கு வருவா. நான் போய்த் திறந்துவிடுவேன். சப்பாத்துக் கழற்றமுன்னமே பூனை வந்து காலைச் சுற்றும். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பா. அங்கே அவ இருந்து தேத்தண்ணி குடித்ததை நான் முதல்முதல் கண்டது அப்போதுதான். முந்தி நின்றபடி கோப்பி குடிப்பா, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு.

ஆகஸ்டில் எங்கள் ஒபீஸ் மூன்று கிழமை பூட்டு. இத்தாலி முழுக்க அப்படித்தான். வீட்டு மிருகங்களைத் தெருவில் விட்டுவிட்டு விடுமுறைக்குப் போகிற மாதமும் அதுதான். பூனைக்கு இடம் மாற்றினால் சாப்பிடாது, முன்பு ஒரு முறை என் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் கட்டிலுக்குக் கீழே இருந்து வரவில்லை. யார் எந்த நாள் வந்து சாப்பாடு வைப்பது என்று தாள் ஒட்டினோம். பதினைந்தாம் திகதி வரும் கிழமை காலி. எல்லோரும் கடலுக்குப் போவார்கள், நான் லண்டனில் மச்சாளின் கலியாணத்துக்கு. அன்ரி அந்தக் கிழமையைக் கேட்டா. துப்புரவு செய்கிற கட்டடமும் பூட்டு, பல்லாறோவில் இருந்து நடந்தால் பத்து நிமிடம்.

திறப்புத்தான் கேள்வியாக வந்தது. பொறுப்பாளர் காப்புறுதியைப் பற்றிச் சொன்னார். ஊழியர் இல்லாத ஆளுக்குத் திறப்புக் கொடுத்தால், ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? அது நியாயமான கேள்வி. காப்புறுதிக் கம்பனிக்கு எழுதி, திறப்பு வைத்திருப்பவர்களின் பட்டியலில் பெயர் சேர்த்தால் போதும் என்று பதில் வாங்க இரண்டு கிழமை எடுத்தது. கணக்குச் சின்யோராதான் அலைந்தா. பட்டியலில் அன்ரி எட்டாவது. அலாரத்துக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலக்கம் உண்டு. அவவுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தேன். சுவரில் இருந்த தாளில் அவ தன் பெயரைத் தமிழில் எழுதினா. கத்தானியாக்காரி என்னைக் கூப்பிட்டு எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லி, இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

பின்னேரம் நாலு மணிபோல ஒரு தரம் வந்து, சாப்பாடும் தண்ணியும் வைத்து, மண் மாற்றினால் காணும் என்று சொல்லியிருந்தேன். விடிய எழும்பத் தேவையில்லை, லீவுதானே என்றும் சொன்னேன். ஓமோம் என்றா.

ஆகஸ்ட் 16, ஹாரோவில் மச்சாள் வீட்டில், கலியாணக் களையில் தூக்கம் வராமல் கைபேசியில் பதிவைத் திறந்தேன். பலெர்மோ நேரப்படி: வாசல், 5:24. வாசல், 5:29. இலக்கம் 8, 5:31.